உபயம் ஒட்டிய டியூப்

அந்த டியூப்புகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விரல் நீளத்துக்குப் பிளாஸ்டிக் டியூப். அதைச் சுற்றி ஒரு மஞ்சள் காகிதம். காகிதத்தில் சிவப்பு மையில் 'உபயம்' என்று போட்டு, அதன் கீழே இறந்துபோன ஓர் அம்மாவின் பெயர், அதன் கீழே அவருடைய மகனின் பெயர், அதற்கும் கீழே மகனுடைய கம்பெனியின் பெயர். கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி எழுதிப் பாதி வெளிச்சத்தை மறைத்து வைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அது வெறும் விளக்கு, தொலையட்டும். இது நோயாளியின் ரத்தத்தைப் பிடித்துப் பார்க்கிற டியூப். உள்ளே ரத்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அந்தக் காகிதத்தை நான் நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். தொண்டாமுத்தூர் பஸ்ஸில் ஏறி, இறங்கி, இன்னும் கொஞ்ச தூரம் தோப்புகளுக்கு நடுவே போக வேண்டும். சொந்த ஊர் எனக்குக் கொடுமுடிப் பக்கம். படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை அது. எனக்கு வாய் நீளம் என்று வீட்டிலேயே பெயர் உண்டு. வேலைக்குப் புறப்படும்போது அப்பா சொன்ன ஒரே புத்திமதி, போகிற இடத்தில் வாயை அடக்கிக்கொள் என்பதுதான். நான் அடக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் வெங்காயம், தக்காளி, தென்னை, வாழை. எல்லாவற்றுக்கும் தண்ணீர் பாயும். தண்ணீர் பாய்கிற இடத்தில் தவளையும் எலியும் இருக்கும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும். எங்கள் ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சலுக்கு வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக வந்தவர்கள் பாம்புக்கடிக்காரர்கள்தான். கடிபட்டவரோடு கூடவே அடித்துக் கொன்ற பாம்பையும் உரச்சாக்கில் போட்டுக்கொண்டு வருவார்கள். சாக்கை என் மேசைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, "ஏனுங்கம்மணி, மிசின்ல போட்டா என்ன பாம்புன்னு வந்துருமுங்களா?" என்று கேட்பார்கள். எங்களிடம் அப்படி ஒரு மிசினும் இல்லை. விஷத்தைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்தது ஒரு கண்ணாடி டியூப்பும் ஒரு கடிகாரமும் மட்டுமே.

சோதனை ரொம்பச் சாதாரணமானது. கடிபட்டவர் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி டியூப்பில் விட வேண்டும். அதை அசைக்காமல் இருபது நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைந்து கட்டியாக நின்றால், விரியன் விஷம் ரத்தத்தைக் கெடுக்கவில்லை என்று அர்த்தம். தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, மருந்து ஏற்ற வேண்டும். நாகத்துக்கு இது உதவாது. அதற்குக் கண் இமை செருகுகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் எங்கள் பக்கம் வந்த கடிகளில் பெரும்பாலானவை விரியனும் சுருட்டை விரியனும்தான், அதனால் அந்த டியூப் சொல்வதை வைத்துத்தான் எல்லாம் நடந்தது.

கண்ணாடி என்று நான் சொல்வதில் ஒரு காரணம் இருக்கிறது. ரத்தம் கண்ணாடியைத் தொட்டால் உறையத் தொடங்கும். பிளாஸ்டிக்கைத் தொட்டால் அதற்கு அந்த அவசரம் வராது. நல்ல ரத்தம்கூட பிளாஸ்டிக்கில் இருபது நிமிடத்துக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். இதை எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்தவர் எங்கள் டாக்டர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அறக்கட்டளைக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பாம்புக்கடிகளைப் பார்த்தவர். குரலை உயர்த்தி அவர் பேசியதை யாரும் கேட்டதில்லை. சின்னப் பிள்ளைகளைக்கூட 'வாங்க கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். அவர் தங்கமான மனுஷன் என்று ஊரே சொன்னது. நானும் ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உபயக்காரர் சூலூர்ப் பக்கத்துக்காரர். பிளாஸ்டிக் சாமான்கள் வார்க்கும் கம்பெனி வைத்திருந்தார். எங்கள் அறக்கட்டளைத் தலைவருக்குச் சம்பந்தி முறை. மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பும் பங்களாவும் வாங்கிப் போட்டிருந்தார். அவருடைய அம்மா காலமானபோது, அவர் நினைவாக ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மகனுக்குத் தோன்றியிருக்கிறது. என்ன வேண்டும் என்று எங்களில் ஒருத்தரைக் கேட்டிருந்தால் ஆயிரம் சொல்லியிருப்போம். அவர் கேட்கவில்லை. தன் கம்பெனியிலேயே டியூப் வார்த்து, பெட்டி பெட்டியாக அடுக்கி அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டு விழா வைத்தார்கள். பொன்னாடை, மாலை, கேசரி, மைக் எல்லாம் இருந்தது. ஒரு தாம்பாளத்தில் டியூப்புகளைப் பூவோடு அடுக்கித் தலைவர் கையில் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். விழாவுக்கு வந்தவர்கள் லேபையும் வந்து பார்ப்பார்கள் என்று, அன்று காலையிலேயே மேனேஜர் ஆள் வைத்து என் அலமாரியிலிருந்த கண்ணாடி டியூப்புகளை எல்லாம் எடுத்துவிட்டார். கேட்டதற்கு, "ஒடஞ்சா ஆபத்துங்கம்மணி. அதான் புதுசு வந்துருச்சே" என்றார். பழையதையெல்லாம் அறக்கட்டளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாகிவிட்டது என்றும் சொன்னார்.

சர்க்கரைக்கும் மற்ற சோதனைகளுக்கும் அந்த டியூப் போதும், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. பாம்புக்கடிக்கு மட்டும் அது ஆகாது. மறுநாளே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "தெரியுமுங்கம்மணி, சொல்லிப்போடலாம். இப்பத்தான் அவிங்க அம்மா காரியம் முடிஞ்சிருக்குது. ஒடனே போயி உங்க டியூப்பு ஆகாதுன்னா மனசு சங்கடப்படுமில்லீங்களா" என்றார். சரி, ஒரு வாரம் பொறுக்கலாம் என்று வந்துவிட்டேன். ஒரு வாரம் போனது. மறுபடியும் போனேன். "பாத்துக்கலாமுங்க" என்றார்.

மூன்றாவது தடவை வெறுங்கையோடு போகவில்லை. லேபில் உட்கார்ந்து என் கையிலேயே ரத்தம் எடுத்து, அந்த உபய டியூப்பில் விட்டு, இருபது நிமிடம் கழித்து அவர் மேசைக்குக் கொண்டுபோய் அவர் கண் முன்னால் சாய்த்தேன். ரத்தம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாக ஓடியது. "என்னையும் பாம்பு கடிச்சிருச்சுங்க சார். மருந்து ஏத்தறீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, "உங்களுக்கு வாய் சாஸ்திங்கம்மணி" என்றார். டியூப்பை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை, பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. நான் காட்டியது எல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும் அவர் சும்மா இருந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அடுத்து அந்த உபயக்காரரே ஒரு நாள் விருந்தாளிகளையும் டாக்டரையும் அழைத்துக்கொண்டு லேபுக்கு வந்தார். அம்மா பெயர் போட்ட டியூப்புகளைச் சுட்டிக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்கம்மணி, டியூப்பு சௌகரியமா இருக்குதுங்களா?" என்றார். கேட்ட விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அவ்வளவு பணிவு. நான், "மத்ததுக்கெல்லாம் நல்லாருக்குதுங்க. பாம்புக்கடிக்கு மட்டும் கண்ணாடி டியூப்புதான் வேணுமுங்க, இதுல தப்பாக் காட்டுது" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. என்னைத் திட்டவில்லை. டாக்டர் பக்கம் திரும்பி, "அப்படீங்களா?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டார். நேருக்கு நேராக, பதிலுக்காக நின்றார். 'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை டாக்டர் சொல்லியிருந்தால் அடுத்த வாரமே அந்த மனுஷர் கண்ணாடி டியூப் வாங்கி, அதிலும் ஒரு உபயம் எழுதி அனுப்பியிருப்பார். டாக்டர், "அதொண்ணுமில்லீங்க. பழகுன சாமானை விட மனசு வர்றதில்லையில்லீங்களா, அதான்" என்றார். விருந்தாளிகள் சிரித்தார்கள். நானும் ஏதோ பழைய சட்டியை விடாத மருமகள் மாதிரி அங்கே நிற்க வேண்டியதாகிவிட்டது. அவர்கள் போன பிறகு என் மேசைமேல் இருந்த ரிஜிஸ்தரைத் தூக்கி எறிந்தேன். எடுத்து வைத்ததும் நான்தான்.

சம்பளம் வாங்கியதும் கோயமுத்தூர் போய், டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் ஒரு டஜன் கண்ணாடி டியூப் வாங்கி வந்தேன். கடைக்காரர் உடையாமல் இருக்க ஒவ்வொன்றையும் பழைய தினசரிக் காலண்டர் தாளில் சுற்றிக் கொடுத்தார். இரண்டு நாள்கூட அவை என் அலமாரியில் இருக்கவில்லை. மேனேஜர் பார்த்துவிட்டார். "அவரு எப்பவேணா வருவாருங்கம்மணி. அவிங்க அம்மா பேரு போட்டத ஓரமா வெச்சுப்போட்டு நீங்க கண்ணாடி வெச்சிருக்கறதப் பாத்தா என்னத்துக்கு ஆகும்? நம்ம ஆஸ்பத்திரிக்கு அடுத்தது ஆம்புலன்ஸ் தாரேன்னு சொல்லியிருக்காரு" என்றார். என் டியூப்புகளைக் காகிதப் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே என்றதற்கு இதையும் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்றார். என் காசில் வாங்கியது என்றேன். "கணக்குல எழுதித் தரச் சொல்றனுங்க" என்று அதற்கும் மரியாதையாகவே பதில் வந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள்.

இருபது வயதுக்கு மேல் இருக்காது. வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை. அறுத்த வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேர்த்து வைக்கிற பட்டறையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அடியிலிருந்து ஏதோ காலில் கொத்தியிருக்கிறது. வால் ஓடியதைப் பார்த்தாளே தவிர, என்ன பாம்பு என்று தெரியவில்லை. புருஷன் யாரிடமோ மொபெட் இரவல் வாங்கி, அவளைப் பின்னால் உட்கார வைத்து, கடித்த காலுக்கு மேலே கயிறு கட்டிக்கொண்டு வந்திருந்தான். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பம், முதல் பிள்ளை. கட்டிலில் உட்கார வைத்ததும் அவள் கேட்டது தன்னைப் பற்றி இல்லை. "வகுத்துல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே சிஸ்டர்?" என்று என்னைக் கேட்டாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் எல்லோருமே அங்கே சிஸ்டர்தான்.

கணுக்காலுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னப் புள்ளிகள் இருந்தன. கயிற்றை அவிழ்த்த பிறகு வீக்கம் ஏறவில்லை. ஈறில் ரத்தம் இல்லை. கடித்த இடத்தில் கசிவும் இல்லை. சாரையோ வேறு எதுவோ கடித்திருக்கலாம். விரியனே கடித்து விஷம் இறக்காமலும் போயிருக்கலாம், அப்படியும் நடப்பதுண்டு. எது என்று சொல்ல ஒரு கண்ணாடி டியூப்பும் இருபது நிமிடமும் வேண்டும். நான் டாக்டரிடம் ஓடினேன். "சார், மேனேஜர் எடுத்துட்டுப் போன டியூப்ல ஒண்ணு வேணுமுங்க. ஒண்ணே ஒண்ணு" என்றேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே, "அதெல்லாம் ஸ்கூலுக்குப் போயிருச்சுங்கம்மணி. இருக்கறதுல பாருங்க" என்றார். பள்ளிக்கூடம் பஸ்ஸில் போய் வருகிற தூரம், அன்று ஞாயிற்றுக்கிழமை வேறு.

உபய டியூப்பில் அவள் ரத்தத்தை விட்டேன். மலேரியாவுக்குப் பார்க்கிற கண்ணாடி சிலைடு ஒன்றை எடுத்து அதிலும் ஒரு பெரிய சொட்டு விட்டு வைத்தேன். அது சரியான முறை இல்லை, எனக்குத் தெரியும். வேறு கண்ணாடி இல்லை. இருபது நிமிடத்தில் டியூப்பில் ரத்தம் ஓடியது. சிலைடில் இருந்த சொட்டு ஊசி முனையால் தொட்டபோது நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டையும் டாக்டரிடம் காட்டினேன். "சார், சிலைடுல ஒறஞ்சிருக்குதுங்க. பிளாஸ்டிக்குல எம்பட ரத்தமே ஓடுச்சுன்னு அன்னைக்கே காட்டுனனுங்களே. சித்த நேரம் வெச்சுப் பாக்கலாமுங்க, வீக்கம் வந்தா ஏத்திக்கலாமுங்க" என்றேன். அவர் சிலைடைப் பார்த்தார். அவளைப் போய்ப் பார்த்தார். வாசலில் அவளுடைய ஆட்கள் கூடியிருந்ததையும் பார்த்தார்.

"ஒண்ணும் ஏத்தாம இருந்து ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா ஆஸ்பத்திரி பேரு கெட்டுப்போயிருமுங்கம்மணி. டெஸ்டு ஓடுதுன்னு காட்டுது. எழுதிக்குங்க" என்றார். மருந்து ஏற்றினார்கள்.

விஷமுறிவு மருந்து உயிரைக் காப்பாற்றுகிற மருந்துதான். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. சிலர் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாது. விஷம் ஏறியவருக்கு அந்த ஆபத்தைப் பார்க்க முடியாது, கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவளுக்குப் பாட்டிலில் கால்வாசி இறங்குவதற்குள் உடம்பெல்லாம் தடித்துக்கொண்டு வந்தது. நடுங்கினாள், வாந்தி எடுத்தாள். மூச்சு விட முடியாமல் என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. டாக்டர் ஊசிமேல் ஊசி போட்டார். அதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அவள் பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் வயிற்றில் இருந்தது போய்விட்டது.

புருஷனை அறைக்குக் கூப்பிட்டு, தோளில் கை வைத்து, டாக்டர் சொன்னது எனக்கு லேப் வரைக்கும் கேட்டது. "விசம் கொழந்தையத் தாக்கிப்போடுச்சுங்க. தாயக் காப்பாத்துனதே பெரிசுங்க." அவன் டாக்டர் காலில் விழுந்தான். டாக்டர் குனிந்து அவனைத் தூக்கிவிட்டார். நான் லேப் கதவைச் சாத்திக்கொண்டேன். திறந்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவளுக்கு உண்மையிலேயே விஷம் ஏறவில்லை என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது. இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, அதை அவளுக்குச் செய்யவில்லை. அவ்வளவுதான் நான் சொல்வது. ஆனாலும் அந்தச் சமயத்தில் கண்ணாடி கிடைக்காமல் போனது ஒரு கெட்ட நேரம் என்று நானும் கொஞ்சம் ஆறத்தான் பார்த்தேன். டாக்டரும் வேறு என்ன செய்திருக்க முடியும் என்றுகூட ஒரு நாள் யோசித்தேன்.

அதற்கடுத்த மாதம் ஒரு காலையில் ஆஸ்பத்திரி வாசலில் கார் வந்து நின்றது. உபயக்காரருடைய மச்சினர். பங்களாவுக்கு வந்து தங்கியிருந்தவர், தோப்பில் நடக்கும்போது மட்டைக்கடியில் ஏதோ கடித்துவிட்டதாம். கூடவே உபயக்காரர், தலைவர், மேனேஜர். நான் வழக்கம்போல ஒரு மஞ்சள் காகித டியூப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரத்தம் எடுக்கக் கூப்பிடும் முன்னால் டாக்டரே லேபுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம். "இதுல பாருங்கம்மணி" என்று மெதுவாகச் சொல்லி மேசையில் வைத்தார்.

காலண்டர் தாள் சுற்றிய கண்ணாடி டியூப். நான் வாங்கி வந்தது.

கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. போய் அந்த மச்சினரிடம் ரத்தம் எடுத்தேன். டியூப்பை நிறுத்தி வைத்தேன். இருபது நிமிடமும் டாக்டர் என் லேபிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வேறு எந்தப் பாம்புக்கடிக்கும் அவர் அப்படி வந்து உட்கார்ந்ததில்லை. சாய்த்துப் பார்த்தேன். கட்டித் தயிர் மாதிரி நின்றது. டாக்டர் எழுந்து போய், "ஒண்ணுமில்லீங்க, பயப்படாதீங்க, ஊசியே வேண்டாமுங்க. சாயங்காலம் வரைக்கும் இருந்து பாத்துப்போட்டுப் போலாமுங்க" என்று சொன்னதும், வெளியே எல்லோரும் நிம்மதியாகப் பேசிக்கொண்டதும் கேட்டது. காப்பி வாங்கி வர ஆள் ஓடினான். கடிபட்டவர் அதைக் கட்டிலில் உட்கார்ந்து குடித்தார்.

டாக்டர் தனியாக அறைக்குத் திரும்பியதும் நான் போய் முன்னால் நின்றேன். "அந்த டியூப்பு எங்கீங்க சார் இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். மீதிப் பதினொன்றும் பஞ்சு வைத்துப் பத்திரமாக இருந்தன. "நீங்க வாங்குனதுதானுங்கம்மணி. மேனேஜரு எங்கிட்டத்தான் குடுத்தாரு" என்றார். "அந்தப் புள்ளைக்கு ஒண்ணு குடுத்திருக்கலாமில்லீங்க சார். நான் வந்து கேட்டனுங்களே" என்றேன். அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்து, பொறுமையாகச் சொன்னார்: "எடுத்தா எல்லாத்துக்கும் எடுக்கோணும். வெளிய தெரிஞ்சுபோகும், அவருக்கு வருத்தமாயிரும். அதுமில்லாம, முக்கியமானவிங்க யாராச்சும் வந்தா வேணுமில்லீங்களா."

முக்கியமானவர்கள். நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வசவு கேட்டிருக்கிறேன், வாங்கியிருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். அவ்வளவு தன்மையாக, அவ்வளவு 'ங்க' போட்டு ஒருத்தர் சொன்ன அந்த வார்த்தைக்கு ஈடாக எதையும் கேட்டதில்லை. அன்றே என் ராஜினாமாவை எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். மாதக் கடைசி வரைக்கும் வர வேண்டும் என்றார். வந்தேன். வந்தது நல்லதாகப் போயிற்று.

அந்த மாதக் கடைசியில்தான் அவள் வந்தாள். புருஷன் வேலைக்குப் போயிருந்தான் போல, தனியாக பஸ்ஸில் வந்திருந்தாள். இளைத்திருந்தாள். கையில் ஒரு பை நிறைய அவரைக்காய். வீட்டுக் கூரைமேல் ஏற்றிவிட்ட கொடியில் காய்த்தது, டாக்டருக்கு என்றாள். நேராக அவர் அறைக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு, கும்பிட்டு விழுந்து எழுந்து வெளியே வந்தாள். அவர் பைக்குள் கை விட்டு நாலைந்து காயை எடுத்து மேசைமேல் போட்டுப் பார்த்து, "நல்ல பிஞ்சா இருக்குது கண்ணு" என்று சொன்னதை வராந்தாவிலிருந்து நான் பார்த்தேன்.

அவள் என்னிடம் வந்தாள். "அந்தச் சாமி இல்லாட்டி நானும் போயிருப்பனுங்க சிஸ்டர். கொழந்தை போனாப் போவுது, இன்னொண்ணு பொறக்கும்னு எங்கூட்டுல சொல்றாங்க" என்றாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் பட்டறைல பாத்து கால வெச்சிருக்கோணுமுங்க. எம்மேலதானுங்க தப்பு. பாம்பு என்ன பண்ணும்" என்றாள்.

தன்மேல் தப்பு என்று அவள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவளை லேபுக்குள் கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்தேன். "உம்மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் காகித டியூப்பைக் கையில் கொடுத்துக் காட்டினேன். இதில் என் ரத்தமும் ஓடும், உன் ரத்தமும் ஓடும், யார் ரத்தமும் ஓடும் என்று சொன்னேன். விஷம் ஏறியதா என்று சரியாகப் பார்க்கவே இல்லை, அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல்தான் உனக்கு அப்படி ஆனது என்று சொன்னேன்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் காகிதத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டாள். "அப்ப சரியாப் பாக்கற டியூப்பு இங்க இல்லீங்களா?"

"இருந்துச்சு கண்ணு. டாக்டர் மேசைக்குள்ள இருந்துச்சு."

"அவருக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

அவள் டியூப்பை என் மேசையில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அழப் போகிறாள் என்று நினைத்து நான் பின்னாலேயே போனேன். அவள் டாக்டர் அறைக்குள் போனாள். உள்ளே டாக்டர் ஒரு பெரியவரின் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "என்னங்க கண்ணு, ஏதாச்சும் மறந்துபோட்டீங்களா?" என்றார்.

"பைய எடுத்துக்கறனுங்க" என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்த்தார், வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. முகம் வெளுத்துப்போனது. அப்போதும் குரல் மாறாமல், "எடுத்துக்குங்க கண்ணு" என்றார்.

அவள் மேசைக் காலடியில் இருந்த பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு மேசைமேல் அவர் போட்டு வைத்திருந்த அந்த நாலைந்து காயையும், ஒன்று விடாமல் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.